வெற்றுப் பலகையில் பதித்த கால்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது, குழந்தைகளே. தானாக உண்டான குளம் அல்ல. முப்பது விலங்குகள் சேர்ந்து, நகம் தேயத் தேயத் தோண்டிய குளம். தோண்டி முடித்ததும் ‘குளச் சங்கம்’ என்று ஒன்றை அமைத்தன. கையெழுத்து அழகாக இருந்ததால் கீரியைச் செயலாளர் ஆக்கின.

அந்த வேலையில் முள்ளம்பன்றிக்கு இரண்டு நகங்கள் பெயர்ந்து போயின. அதற்காக முள்ளம்பன்றி வருந்தவில்லை. கோடையில் தன் இரண்டு குட்டிகளும் தண்ணீருக்கு அலைய வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை சங்கத்தின் பேரவைக் கூட்டம். கூட்டம் என்று பெயர்தான். கீரி தன் வளை வாசலில் ஓர் ஈரக் களிமண் பலகையை வைக்கும். அதில் ஒரு எழுத்தும் இருக்காது. உறுப்பினர்கள் வரிசையில் வந்து, பலகையின் அடியில் காலைப் பதித்து, ஆளுக்கு இரண்டு கிழங்கு வாங்கிக்கொண்டு நடையைக் கட்டும். கிழங்கு யார் கொடுப்பது என்று ஒரு விலங்கும் கேட்டதில்லை. முள்ளம்பன்றியும் கேட்டதில்லை.

அந்தக் கோடையில் முள்ளம்பன்றி குட்டிகளோடு குளத்துக்குப் போனது. குளத்தின் நடுவில் காட்டுப்பன்றி புரண்டுகொண்டிருந்தது. தோண்டும்போது எட்டிக்கூடப் பார்க்காத பன்றி அது.

“கொஞ்சம் தள்ளிப் படு அண்ணே. பிள்ளைங்க தண்ணி குடிக்கணும்.”

“இது என் குளம். சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு. போய்ச் செயலாளரைக் கேளு.”

முள்ளம்பன்றிக்கு முட்கள் எல்லாம் விறைத்துக்கொண்டன. நேரே கீரியிடம் போனது. கீரி பதறாமல் போன வருடப் பலகையை எடுத்துக் காட்டியது. ‘குளத்தைக் காட்டுப்பன்றிக்கே விட்டுக்கொடுப்பதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று அழகான கையெழுத்தில் இருந்தது. அடியில் முப்பது கால்தடங்கள்.

“நாங்க கால் வைக்கும்போது இதுல ஒண்ணுமே இல்லையே?”

“அப்புறமா எழுதினேன். என்ன எழுதப் போறேன்னு நீங்க யாரும் கேக்கலையே அக்கா? வருசா வருசம் கிழங்கு கொடுக்கிறவர் பன்றி அண்ணன். இதோ பாருங்க, ரெண்டு நகம் இல்லாத தடம். இது உங்களோடதுதானே?”

முள்ளம்பன்றிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கீரியின் மேல் வந்த கோபத்தைவிடத் தன் காலின் மேல்தான் அதிகம் வந்தது. வெளியே குட்டிகள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன.

மானிடம் ஓடியது. “இதையெல்லாம் பாத்துக்கத்தானே செயலாளரை வச்சிருக்கோம்?” என்றது மான்.

முயலிடம் ஓடியது. “குளம் போச்சா? ஐயோ. அப்போ இந்த வருசம் கிழங்கு உண்டா, இல்லையா?” என்றது முயல். முள்ளம்பன்றி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தது.

ஒரு வாரம் குட்டிகள் பாறையிடுக்கில் கசிந்த ஈரத்தை நக்கிக்கொண்டு கிடந்தன. பிறகு பேரவைக் கூட்டம் வந்தது. முள்ளம்பன்றி எல்லோருக்கும் முன்னால் போய், வெற்றுப் பலகையின் முன் முட்களை விரித்து உட்கார்ந்துகொண்டது.

“முதல்ல எழுது. எழுதினதைச் சத்தமாப் படி. அப்புறம்தான் கால்.”

“வெயில்ல நிக்க முடியல, வழியை விடு” என்று வரிசை முணுமுணுத்தது.

“முடிஞ்சா என்னைத் தள்ளிப் பாருங்க.”

அந்த முட்களைத் தள்ள யார் வருவார்கள்? கடைசியில் மான் பொறுமை இழந்தது. “எழுதித் தொலையேன்பா. கிழங்கை வாங்கிட்டுப் போகணும்.”

கீரி திருதிருவென விழித்தது. பக்கத்தில் காட்டுப்பன்றி கிழங்கு மூட்டையோடு முறைத்துக்கொண்டு நின்றது. வேறு வழியில்லை. எழுதி, மெல்லிய குரலில் படித்தது. “குளக்கரைப் புல்வெளியையும் காட்டுப்பன்றிக்கே விட்டுக்கொடுப்பதென...”

“புல்வெளியா? அது நான் மேயற இடம்” என்றது மான்.

“என் வளை அங்கதான் இருக்கு” என்று அலறியது முயல்.

பக்கத்து வீட்டில் எரியும்போது கொட்டாவி விட்டவர்களுக்குத் தங்கள் கூரையில் பொறி விழுந்ததும் குரல் வந்துவிட்டது. மான் பலகையில் எழுதியிருந்ததைக் குளம்பால் அழித்தது. பழைய தீர்மானம் ரத்து, கீரி நீக்கம் என்று புதிதாக எழுதின. முப்பதும் உட்கார்ந்து படித்துவிட்டுக் காலைப் பதித்தன. பிறகு முப்பதும் ஒன்றாகக் குளத்துக்கு நடந்தன. அதற்குள் மூட்டையோடு அங்கே போய்விட்டிருந்த காட்டுப்பன்றி கூட்டத்தைப் பார்த்தது, கிழங்கு மூட்டையையும் விட்டுவிட்டு ஓடியது.

ஆனால் குளத்தில் தண்ணீர் எங்கே? பன்றி புரண்டு புரண்டு, முழங்கால் அளவு சேறுதான் மிஞ்சியிருந்தது. மறுபடியும் தோண்ட இறங்கின.

கரையோரமாகப் போன கீரி நின்று கேட்டது. “எழுதினது நான்தான். கால் வச்சது யாரு?”

முள்ளம்பன்றி நகம் போன தன் காலை ஒருமுறை பார்த்தது. குனிந்து சேற்றை அள்ளியது.

நீதி: உழைத்து உண்டாக்கியவர்கள் உட்கார்ந்து கேட்காத சங்கம் அடுத்தவன் கைக்குப் போகும்.