ஆள்காட்டியின் முகம் சிவந்தது

பறவையும் விலங்கும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், ஓர் ஏரிக்கரையில் வெள்ளைச்சி என்றொரு பறவை இருந்தாள். நீண்ட மஞ்சள் கால்கள், பால்போல வெளுத்த தலை. குரல் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. யாராவது கூப்பிட்டால் போதும், முகம் குப்பென்று சிவந்துவிடும்.

"என்னடி, மாப்பிள்ளை வந்துட்டானா?" என்று நாரைகள் சிரிக்கும். சிரிக்கச் சிரிக்க இன்னும் சிவப்பாள்.

ஒருநாள் அதே ஏரியில் நீந்தும் நாமக்கோழியின் முட்டைகள் காணாமல் போயின. ஏரிப் பறவைகளுக்கெல்லாம் பெரியவரான கூழைக்கடா எல்லோரையும் கூட்டி விசாரித்தார். வெள்ளைச்சியைக் கேட்டதுமே அவள் முகம் சிவந்தது.

"பாருங்க, முகமே சொல்லுதே!" என்று அலறினாள் நாமக்கோழி.

"நான் எடுக்கலை, மாமா. என் முகம் எப்பவுமே இப்படித்தான்."

"தப்பு செய்யாதவள் முகம் ஏன் சிவக்குது? அந்த முகத்தைச் சரி பண்ணிக்கொண்டு வா. இல்லாவிட்டால் இந்தக் கரையில் உனக்கு இடமில்லை" என்றார் கூழைக்கடா.

வெள்ளைச்சி அப்போது அடைகாத்துக்கொண்டிருந்தாள். தரையில் ஒரு பள்ளம், சுற்றிச் சரளைக்கல், அதுதான் கூடு. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? வைத்தியம் பார்க்கும் கீரியிடம் ஓடினாள்.

கீரி வேப்பிலைச் சாறு குடிக்கச் சொன்னான். வாய்தான் கசந்தது. குளிர்ந்த நீரில் தலையை முக்கச் சொன்னான். தும்மல்தான் வந்தது.

"இன்னும் ஒரு மருந்து இருக்கு, தாயி" என்றான் கீரி. "ஏரிக் கருஞ்சேற்றைத் தலையிலும் மார்பிலும் அப்பிக்கொள். கண்மேலேயும் பூசு. காயும்வரை அசையாதே."

"என் முட்டைகள்?"

"நான் பார்த்துக்கிறேன்."

பூசிக்கொண்டு நின்றாள். வெயில் ஏற ஏறச் சேறு இறுகியது. கூட்டுப் பக்கம் ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டது. பதறிப்போய்க் கண்ணைச் சுற்றியிருந்த சேற்றை நகத்தால் பிய்த்தெறிந்து பார்த்தாள். கடைசி முட்டையை நக்கிக்கொண்டிருந்தான் கீரி.

"இவன்தான்! இவன்தான்!" என்று வெள்ளைச்சி கத்தினாள். அக்கரை வரைக்கும் கேட்டது. பாய்ந்து பாய்ந்து அவன் தலையைக் கொத்தினாள். புதருக்குள் ஓடி ஒளிந்தவனையும் விடவில்லை. ஏரிப் பறவைகள் எல்லாம் பறந்து வந்து, அவன் வாயில் வழிந்த மஞ்சள் கருவைப் பார்த்தன.

கூழைக்கடா தொண்டையைச் செருமினார். "தப்பாய் நினைத்துவிட்டோம், மகளே. கொக்குக்கு ஒரு நல்ல தைலம் தெரியும். அந்தச் சிவப்பை…"

"வாயை மூடுங்க, மாமா! எல்லோரும் என் முகத்தைப் பார்த்தீங்க. அவன் வாயைப் பார்க்க ஒருத்தருக்கும் கண் இல்லையா? தைலமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். என் பிள்ளைகளைத் திருப்பித் தருவீங்களா?"

ஒட்டிய சேற்றை அவள் கழுவவே இல்லை.

அன்று முதல்தான் அவள் குலமான ஆள்காட்டிக்குத் தலையும் மார்பும் கறுப்பு, கண்ணோரம் மட்டும் தீச்சிவப்பு. அன்று முதல்தான், மாடு வந்தாலும் மனிதன் வந்தாலும், தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி, வந்தவனை ஊருக்கே காட்டிக் கத்துகிறது.