கொம்பையா கேட்ட மூன்று சுற்று

கொம்பையா என்ற யானையைப் போல நல்ல மனசு அந்தக் காட்டில் வேறு யாருக்கும் கிடையாது. கோடையில் ஆறு வற்றியதும் அது மணலை முகர்ந்து பார்க்கும். "இங்கேதான் இருக்கு!" என்று காலால் தோண்டும். ஊற்று சுரக்கும். எல்லா உயிர்களும் குடித்த பிறகுதான் தான் குடிக்கும்.

தவசி என்ற கல்கௌதாரிப் பறவை குஞ்சாக இருந்தபோது அது இருந்த புதர் தீப்பிடித்தது. தும்பிக்கைத் தண்ணீரை இறைத்துக் காப்பாற்றியது கொம்பையாதான். அதை நினைத்தாலே தவசிக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆனால் புகழ்ச்சி யாரைத்தான் விட்டுவைத்தது! "அண்ணன் இல்லேன்னா நாமெல்லாம் செத்தோம்!" என்று காடே தினமும் பாடியது. கொம்பையாவுக்குத் தலைக்கனம் ஏறியது.

"இனிமே என்னை மூணு சுத்து சுத்திக் கும்பிட்டாத்தான் தண்ணி!" என்றது ஒரு நாள். எதிர்த்துப் பேசிய முள்ளம்பன்றியை உதைத்தே துரத்தியது. மற்ற விலங்குகள் பயந்துபோய்ச் சுற்றின. தவசியும் சுற்றியது. பாவம், என்ன செய்யும்? அதன் குஞ்சுகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாது. தவசி நெஞ்சு இறகை ஊற்றில் நனைத்துக்கொண்டு போனால்தான் அவை அந்த ஈரத்தைக் குடிக்கும்.

ஒரு நாள் பேச்சி என்ற கிழட்டு ஆமை வந்தது. கொதிக்கிற மணலில் இரண்டு சுற்று முடித்துச் சுருண்டு விழுந்தது.

"இன்னும் ஒரு சுத்து இருக்கு!" என்று உறுமியது கொம்பையா.

"முடியலையேப்பா... நாக்கு ஒட்டுது!"

"அப்போ கிடந்து சாவு!"

அத்தனை விலங்குகளும் தலை குனிந்துகொண்டன. தவசி அப்போதுதான் நெஞ்சை நனைத்திருந்தது. பறக்கப் போனது, நின்றது. தத்தித் தத்திப் பேச்சியிடம் போய் ஈர நெஞ்சை அதன் வாயில் வைத்தது. "குடி ஆத்தா!"

கொம்பையா காலைத் தூக்கியது. "டேய் தவசி! இனி உனக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது! உன் குஞ்சுங்க காயட்டும்!"

தவசி பேச்சியை விட்டு நகரவில்லை. கொம்பையாவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது: "அண்ணே, உங்களை நான் மறப்பேனா? இந்த உயிரே நீங்க கொடுத்தது! தீக்குள்ள கிடந்த என்னை நீங்க சுத்தச் சொல்லலையே! அன்னைக்கு மூணு சுத்து கேட்டிருந்தா, இன்னைக்கு நான் இருப்பேனா?"

தூக்கிய கால் அப்படியே நின்றது. கொம்பையா பேச்சியைப் பார்த்தது. காலை மெதுவாக இறக்கியது. தும்பிக்கை நிறையத் தண்ணீரை மொண்டு ஆமையின் வாயில் சிறுகச் சிறுக விட்டது. பிறகு அந்த மூன்றாவது சுற்றைத் தானே சுற்றியது, பேச்சியை.

"தவசி, இத்தனை பேரும் என்னைப் புகழ்ந்தாங்க. நீ ஒருத்தன்தான்டா நன்றியோட இருந்தே!" என்று கண் கலங்கியது கொம்பையா. "போ, நெஞ்சை நல்லா நனைச்சுக்கிட்டுப் போ! பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்!"

நமக்கு நல்லது செய்தவர் தடம் மாறும்போது, துதி பாடாமல் அவர் செய்த நல்லதையே அவருக்கு எடுத்துச் சொல்வதுதான் உண்மையான நன்றி.