வாடை பார்த்து எண்ணிய ஓட்டு

கரீபியன் கடலில் சங்குத்தீவு என்று ஒரு துக்கடா நாடு. கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன நம்மவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே அரசாங்கம் நடத்துகிறார்கள். நடத்துகிறார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

பொதுத்தேர்தலுக்கு வீராசாமிதான் தலைமை அதிகாரி. தேர்தல் சட்டத்தில் அந்த மகானுக்குத் தெரிந்தது ஒரே வரி: ஓட்டு ரகசியமானது, யாரும் பார்க்கக் கூடாது. அதனால் எண்ணும் நாளன்று தன் கண்ணையும் இரண்டு உதவியாளர்களின் கண்ணையும் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டார்.

பெட்டியைக் கவிழ்த்த பிறகுதான் உதவியாளர் சவரியப்பனுக்குச் சந்தேகம் வந்தது. எந்த ஓட்டு யாருக்கு என்று எப்படித் தெரியும்?

"மோந்து பாருய்யா," என்றார் வீராசாமி. "மீன் வாடை அடிச்சா வலைக்காரன் போட்டது, படகுக் கட்சிக்கு. வாழைக்கறை வாடை அடிச்சா தோட்டக்காரன் போட்டது, வாழைத்தார்க் கட்சிக்கு."

"ஒரு வாடையும் இல்லன்னா?"

"செல்லாத ஓட்டு. தனியா வை."

காலையில் அப்படிப் பதினான்கு ஓட்டு ஒதுங்கியது. மதியம் வறுத்த மீன் சாப்பாடு. கை கழுவப் போனால் கண்கட்டை அவிழ்க்க வேண்டுமே என்று மூவரும் அப்படியே உட்கார்ந்து எண்ணினார்கள். படகுக் கட்சி அமோகமாக ஜெயித்தது.

வாழைத்தார்க் கட்சி கோர்ட்டுக்குப் போனது. நீதிபதி வீராசாமியை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு கட்சியும் ஒப்புக்கொள்கிற முடிவு வர வேண்டும், இல்லாவிட்டால் ஜெயில் என்றார்.

மறு எண்ணிக்கைக்கு ஒரு கட்சி கருவாட்டோடு வந்தது, இன்னொரு கட்சி வாழைப்பட்டையோடு வந்தது. எந்தச் சீட்டை எடுத்தாலும் இரண்டு தலைவர்களும் முகர்ந்துவிட்டு எங்களுடையது என்றார்கள். வியாழன் போய் வெள்ளியும் பாதி கழிந்தது. கடைசியில் வீராசாமி செல்லாதவை என்று ஒதுக்கிய அந்தப் பதினான்கை நீட்டினார்.

"இது எங்களுது இல்ல," என்றார்கள் இருவரும், முதல்முறையாக ஒரே குரலில்.

இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்ட முடிவு கிடைத்துவிட்டது: எந்தக் கட்சியுடையதும் இல்லாத அந்தப் பதினான்கு சீட்டும்தான் ஜெயித்தவை என்று வீராசாமி அறிவித்தார். ஜெயிலுக்கும் தப்பினார்.

மறுநாள் பதினான்கு நாற்காலியில் பதினான்கு சீட்டை வைத்து, மாலை போட்டு, பதவிப்பிரமாணம் செய்துவைத்தார். இதுவரை இருந்த மந்திரிசபைகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

பாதி விழாவில் கடல்காற்று அடித்து மூன்று மந்திரிகள் ஜன்னல் வழியாகப் பறந்து போனார்கள். வீராசாமி அசரவில்லை. அன்று மாலையே மூன்று தொகுதிக்கு இடைத்தேர்தல் அறிவித்து, ஓட்டு எண்ண ஆள் கேட்டு நோட்டீசும் ஒட்டினார். ஜலதோஷம் பிடித்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.