பிரிக்காத மூட்டை

செம்மலைக்கோட்டை ஏரியில் நடந்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்லிவிட வேண்டும். முதலில், ஊர் மக்களை மூன்று கோடை மண் சுமக்க வைத்தார்கள். அடுத்து, ஏரி நிறைந்ததும் கரையில் கால் வைக்காதே என்றார்கள். அதற்கும் அடுத்து, "ஏரி வெட்டியவர்களில் யார் பெயர் சபையில் வாசிக்கப்படுகிறதோ, அவர் வயலுக்கே தண்ணீர்" என்று அரசர் வீரவாகு ஆணையிட, அமைச்சர் தாண்டவராயர் நான்கே பெயர்களை வாசித்துவிட்டு உட்கார்ந்தார்.

நான்கும் வேலை வாங்கிய கங்காணிகளின் பெயர்கள்.

சபையின் கடைசியில் நின்ற காத்தாயி, மூன்று கோடையும் மண் சுமந்தவள். அவள் வயலில் நாற்று கருகிக்கொண்டிருந்தது.

"ஏரியை நாலு பேரா வெட்டினாங்க?"

"மூட்டைகளின் மேல் நான்கு பெயர்தானே அம்மா இருக்கிறது!" என்றார் அமைச்சர்.

அந்த ஊர் வழக்கம் அப்படி. ஆட்களின் பெயர் ஓலைகளைக் கங்காணி துணியில் மூட்டையாகக் கட்டி, மேலே தன் பெயரை எழுதுவான். அவனுக்குக் கீழே இருப்பவன் கட்டிய முடிச்சும் அதற்குள்ளேயே கிடக்கும். மூட்டைக்குள் மூட்டை.

"சாப்பிட்டுவிட்டுப் பேசுவோம்," என்றார் அரசர்.

பந்தி அதே மண்டபத்தில். காத்தாயி நகரவில்லை. பரிமாறியவன் எயினன், அரசவையில் வாய்த்துடுக்குக்கே சம்பளம் வாங்குகிறவன். அமைச்சர் இலையில் ஒரு முழுப் பலாப்பழம், மட்டை உரிக்காத தேங்காய் ஒன்று, வாய் கட்டிய சோற்று மூட்டை ஒன்று வைத்தான்.

"டேய், பிரிக்காமல் எப்படித் தின்பது?"

"பிரிக்காமல் வாசிக்க முடிகிறதே ஐயா, தின்ன முடியாதா?"

அரசருக்குப் புரையேறியது. "எயினா, நீயே பிரித்து வாசி!"

எயினன் ஊரையே சாட்சிக்கு அழைத்தான். "கைக்கு வருவது மூட்டையானால் பிரிப்பேன். பெயரானால் வாசிப்பேன். வரிசை மாறாது. எழுத்தரே, எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதும். அதில் மூட்டையே இருக்கக் கூடாது."

முதல் இரண்டு மூட்டைகளில் இருநூறு பெயர்கள் வந்தன. மூன்றாவது பட்டு மூட்டை. அமைச்சரின் மருமகன், கங்காணி மருதப்பருடையது. பட்டுக்குள் பட்டு. அதற்குள் இன்னொரு பட்டு. அதற்குள் ஒன்றுமில்லை.

"வாசிக்க ஒன்றுமில்லை," என்றான் எயினன்.

"மேலே பெயர் இருக்கிறதே!" என்று அமைச்சர் துள்ளினார்.

"அது துணியின் பெயர் ஐயா. துணி மண் சுமக்காது."

"துணிக்கு எதற்கையா தண்ணீர், துவைக்கவா?" என்று அரசர் தொடையில் அடித்துச் சிரித்தார். அந்தப் பட்டை எடுத்து எயினன் தோளிலேயே போர்த்தினார்.

நான்காவது மூட்டையில் நூறு பெயர்கள் வந்தன. காத்தாயி விரல் நகத்தைக் கடித்தபடி நின்றாள். அடியில் ஒரு முடிச்சு. அதற்குள் புளியங்கொட்டை அளவில் இன்னொன்று. அதற்குள் ஒரே ஒரு ஓலை நறுக்கு.

எயினன் எழுந்து நின்றான். ஊர் முழுக்கக் கேட்கும்படி வாசித்தான்:

"காத்தாயி!"