அக்காவுக்கு என்ன

"எல்லாம் இருக்கிறவங்களுக்கு என்ன கொடுக்கிறது, அம்மா?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள்.

மடத்தம்மா கஞ்சி அண்டாவின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்குக் கஞ்சி ஊற்றும் சின்ன மடம் ஒன்றை நடத்துபவள், தங்கபுஷ்பத்தைவிட வயதில் இளையவள். இருந்தாலும் ஊரில் எல்லோருக்கும் அவள் அம்மாதான். தங்கபுஷ்பம், புருஷன் இறந்த பிறகு அந்த மடத்தை அண்டி வந்தவள். காலையில் கஞ்சி காய்ச்சுவாள். முற்றம் பெருக்குவாள். மனதில் கிடப்பதையெல்லாம் அம்மாவிடம் கொட்டுவாள். அம்மா சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும் என்று நினைப்பாள். பாதி நாள் அது முடியாது.

"யாருக்குக் கொடுக்கணும்?"

"எங்க அக்காவுக்குத்தான். தீபாவளி வருதுல்லா."

"அவங்களுக்கு எல்லாம் இருக்கா?"

"என்ன இப்படிக் கேக்கீங்க? ரைஸ் மில் ராஜகனின்னா தெரியாத ஆளு உண்டா? மாடி வீடு, கார். சேலை வைக்கிறதுக்குன்னே தனி ரூம். போன வருஷம் யோசிச்சு யோசிச்சு ஒரு டிபன் கேரியர் வாங்கிட்டுப் போனேன். 'எதுக்குட்டி இதெல்லாம்'னு வாங்கி வச்சா. இன்னைக்கு வரைக்கும் கவர்கூடப் பிரிக்காம வச்ச இடத்துலேயே இருக்கு."

"பாவம்."

"யாரு, நானா?"

"டிபன் கேரியர்."

தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"எனக்குன்னு கூடப் பிறந்தது அவ ஒருத்திதான். இந்தத் தடவையும் முகம் கொடுக்காம வாங்கி வச்சான்னா, அதுக்குப் பிறகு நான் அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன். ஒட்டும் இல்லை, உறவும் இல்லைன்னு இருந்துக்கிடுதேன்."

"என்ன எடுத்திருக்கீங்க?"

தங்கபுஷ்பம் பையைப் பிரித்தாள். மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை. அக்கா பாவாடை தாவணி போட்ட காலத்தில் அந்த நிறத்துக்காக அடம்பிடித்து அழுதிருக்கிறாள். கடைக்காரன் எடுத்துப்போட்ட சேலைகளில் ஒன்றுகூட அவள் வீட்டில் இல்லாததாக இருக்காது என்று நினைத்து நினைத்து, கடைசியில் இதை எடுத்திருந்தாள். எடுத்த பிறகும் சரிதானா என்ற கவலை போகவில்லை.

மடத்தம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நானும் கூட வாரேன்."

அன்று சாயங்காலம் தூறல் விடவே இல்லை. அவ்வளவு பெரிய வீட்டில் ஒரே ஒரு விளக்குதான் எரிந்தது. ராஜகனி சோபாவின் ஓரத்தில் கால்களை மடக்கிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேலையை வாங்கினாள். பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"எதுக்குட்டி இதெல்லாம்?"

தங்கபுஷ்பம் மடத்தம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னேன் இல்லையா என்பதுபோல.

"நனைஞ்சுட்டியா?" என்றாள் ராஜகனி.

"பின்ன? பஸ்ஸுல இடிபட்டு வாரேன். உனக்கென்னக்கா, கார் வச்சிருக்க."

"மச்சான் அதை எடுத்துட்டு மில்லுக்குப் போயிட்டாரு. வர நேரமாகும்." ராஜகனி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குட்டி."

"ஏசியைப் போட்டுட்டுப் படுக்கிற ஆளு இதைச் சொல்லுத! உனக்கென்னக்கா. எங்க வீட்டுல வந்து ஒரு நாள் படுத்துப் பாரு, தெரியும்."

ராஜகனி லேசாகச் சிரித்தாள். சமையல்காரப் பெண் முறுக்கும் காப்பியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ராஜகனி தன் தம்ளரைத் தொடவில்லை.

"எது சாப்பிட்டாலும் வயித்துல நிக்கமாட்டேங்கு."

"வேளைக்கு ஒரு பலகாரம் செஞ்சு போட ஆளு இருந்தா அப்படித்தான். உனக்கென்ன!"

ராஜகனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தலைமுடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழுகிப் போயின.

"புது வளையலாக்கா?"

"பழசுதாண்டி." கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "ரெண்டு நாளு இங்க வந்து இரேன்."

"நான் எதுக்கு? ஆளும் அம்புமா இருக்கே. உனக்கென்னக்கா."

அதற்குப் பிறகு ராஜகனி மழையைப் பற்றி மட்டும் பேசினாள்.

பஸ் நிறுத்தத்தில் குடைக்குள் இருவரும் நின்றார்கள்.

"பாத்தீங்களா? பிரிச்சுக்கூடப் பாக்கலை. முடிஞ்சுபோச்சு. இனிமே போகமாட்டேன்."

"நீங்க கொடுத்ததை எல்லாம் அவங்க வாங்கிக்கிட்டாங்க" என்றாள் மடத்தம்மா.

"எங்க வாங்கினா?"

"கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கிட்டாங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

தங்கபுஷ்பத்துக்கு விளங்கவில்லை. கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவள் மடத்துக்கு வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. அடுப்பைப் பற்ற வைத்தாள். விறகு ஈரம். புகைந்துகொண்டே இருந்தது.

"ராத்திரி முழுக்க ஓடு ஒழுகிட்டும்மா. பாய் விரிக்க இடமில்லை. சுவரோரமா உக்காந்தே இருந்தேன். அப்ப எனக்கு என்னமோ..."

"உங்களுக்கென்னம்மா!" என்றாள் மடத்தம்மா. "காலையில எழுந்தா இங்க சூடா கஞ்சி. பேச நான் இருக்கேன். உங்களுக்கென்ன!"

தங்கபுஷ்பத்தின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது.

இன்னும் சொல்ல இருந்தது. உட்கார்ந்த இடத்தில் கண் அசந்தபோது, இல்லாத புருஷனிடம் ஒழுகும் இடத்தில் பாத்திரம் எடுத்து வைக்கச் சொன்னது. சொன்ன பிறகு அவர் இல்லாதது நினைவு வந்தது. நான் செத்துக்கிடந்தால் யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று பயந்தது. எல்லாம் தொண்டை வரை வந்து, வந்த வழியே உள்ளே போய்விட்டது. அவள் புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

கஞ்சி கொதித்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினாள். அண்டா காலியான பிறகும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, அக்கா கை ஏன் அப்படி மெலிஞ்சுபோயிருக்கு?"

"என்கிட்ட ஏன் கேக்கீங்க?"

தங்கபுஷ்பம் கையைக் கழுவினாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வெளியே போனாள். கையில் பைகூட இல்லை.

விளக்கேற்றுவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டாள். மடத்தம்மா திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். 'உனக்கு என்னக்கா'ன்னு கேட்டேன். எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான். இன்னைக்கு வாயில வரவே மாட்டேன்னுட்டு. வீட்டுக்குள்ள போய் அவ முன்னால உக்காந்து, அதைச் சொல்லதுக்குள்ள எனக்கு வேர்த்துப்போச்சு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'எனக்கென்னட்டி, நல்லாத்தான் இருக்கேன்'னா. சொல்லிட்டு டிவியைப் பாத்தா." தங்கபுஷ்பத்தின் குரல் இறங்கியது. "டிவி ஓடவே இல்லைம்மா."

"பிறகு?"

"பிறகு என்ன? பதில்தான் சொல்லிட்டாளே. கொஞ்ச நேரம் இருந்து பாத்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு. வந்துட்டேன்."

மடத்தம்மா திரியைக் கீழே வைத்தாள்.

"அது பதில் இல்லை. இத்தனை வருஷமா நீங்க அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. பதில் வர்றதுக்குள்ள ஏன் எழுந்து வந்தீங்க?"