ஐடில் மகாராஜா

கொக்கரப்பட்டி ஏரிக்கு வாய்க்கால் வெட்டச் சொல்லி வெள்ளைக்காரத் துரை உத்தரவு போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. பூமி பூஜை மட்டும் தடபுடலாக நடந்தது. பூஜைக்கு வைத்த மண்வெட்டி அங்கேயே கிடந்து துருப்பிடித்துப் போனது. கோபத்தில் துரை நேரிலேயே கிளம்பி வந்துவிட்டார்.

துரைக்குத் தமிழ் வராது. மகாராஜா கஜேந்திர பூபதிக்கு இங்கிலீஷ் வராது. அவர் பேச்சை இவருக்கும், இவர் பேச்சை அவருக்கும் சொல்லிப் பிழைப்பவர் துபாஷி மாசிலாமணி. துரை உள்ளே வருமுன் மகாராஜா மாசிலாமணியைக் கூப்பிட்டார்.

"துரை பேசறதை ஒண்ணுவிடாம சொல்லணும். மறைச்சா நாக்கை அறுத்துடுவேன்."

"உத்தரவு மகாராஜா."

"ஆனா நம்மைத் திட்டற தமிழ் வார்த்தை ஒண்ணுகூட என் காதுல விழக்கூடாது. விழுந்தா, சொன்னவன் எவனா இருந்தாலும் அவன் நாக்கை அறுத்துடுவேன்."

பாவம், மாசிலாமணிக்கு இருந்ததே ஒரு நாக்கு.

துரை வந்தார். ஈட்டியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த தளபதியைப் பார்த்து, "லேஸிபோன்ஸ்!" என்றார்.

"என்ன சொல்றார்?" என்றார் மகாராஜா.

"போன்ஸ்னா எலும்புங்க. நம்ம தளபதிக்கு எலும்பெல்லாம் லேசாம். சண்டைன்னு வந்தா பறந்துடுவாராம்."

"வாஸ்தவம்தான். போன சண்டையிலகூட முதல்ல பறந்தது அவர்தான்!"

அடுத்து திவானைப் பார்த்தார் துரை. "குட் ஃபார் நத்திங்!"

"குட்னா நல்லவர். நத்திங்னா ஒண்ணுமில்லை. ஒண்ணுமே வாங்காம நல்லது செய்யறவராம் திவான்."

காலையில் யாரோ கொடுத்த பலாப்பழத்தைத் திவான் அவசரமாகக் காலால் பின்னுக்குத் தள்ளினார்.

கடைசியில் துரை மகாராஜா பக்கம் திரும்பினார். ஒருவன் வெற்றிலை மடிக்க, இன்னொருவன் அதை மகாராஜாவின் வாயில் வைத்துக்கொண்டிருந்தான். மெல்லத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

"ஐடில்!" என்று கத்தினார் துரை.

மாசிலாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஐடில்னா கோயில்ல இருக்கிற சாமி விக்கிரகம், மகாராஜா!"

மகாராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு துரைக்காவது என் அருமை தெரிஞ்சுதே! கூப்பிடுங்க குருக்களை! ஆகட்டும் அபிஷேகம்!"

சிம்மாசனத்திலேயே பாலாபிஷேகம் நடந்தது. மகாராஜா அசையவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பால் வழிந்து துரையின் பூட்ஸுக்குள் போயிற்று.

"ஷர்க்கர்ஸ்! ஆல் ஆஃப் யூ, ஷர்க்கர்ஸ்!" என்று அலறிவிட்டுத் துரை குதிரை ஏறிப் போய்விட்டார்.

"நம்ம எல்லாரையும் சர்க்கார்னு சொல்லிட்டுப் போறாருங்க," என்றார் மாசிலாமணி.

அரண்மனையில் கடிதம் எழுதும் ஏகாம்பரத்துக்குத் துபாஷி வேலைமேல் நெடுநாளாக ஒரு கண். அரைகுறையாக இங்கிலீஷும் படித்து வைத்திருந்தார். இதைவிட்டால் வேறு சமயம் ஏது? துள்ளி எழுந்தார்.

"அத்தனையும் புளுகு, மகாராஜா! துரை தளபதியைச் சோம்பேறின்னார். திவானை ஒண்ணுக்கும் உதவாதவர்னார். ஐடில்னா சாமியா? வேலைவெட்டி இல்லாத தண்டச்சோறு! மகாராஜாவைத் தண்டச்சோறுன்னார்!"

மகாராஜா பால் சொட்டச் சொட்ட எழுந்து நின்றார்.

"மாசிலாமணி! மறைச்சியா?"

மாசிலாமணி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "இந்தத் தர்பார்ல மகாராஜாவைச் சாமின்னு சொன்னது யாருங்க?"

"நீ."

"தண்டச்சோறுன்னு சொன்னது?"

மகாராஜாவின் பார்வை மெதுவாக ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பியது. ஏகாம்பரம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தெரியாம உளறிட்டேன், மகாராஜா! எனக்கு இங்கிலீஷே வராது! ஐடில்னா சாமிதான்!"

"ஷர்க்கர்ஸ்?"

"சர்க்கார்தாங்க! எங்க குலதெய்வத்து மேல சத்தியமா சர்க்கார்!"

மகாராஜா சோம்பேறியே தவிர முட்டாள் இல்லை. சபையைக் கலைத்துவிட்டு மாசிலாமணியை மட்டும் நிறுத்தினார்.

"உன் நாக்குக்கு அபயம் கொடுத்தேன். உண்மையைச் சொல்லு. ஷர்க்கர்னா என்னய்யா?"

"செய்யவேண்டிய வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவங்க, மகாராஜா."

"அப்புறம் ஏன் சர்க்கார்னு சொன்னே?"

"வாய்க்கால் கதையைப் பார்த்ததுல எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலைங்க."

மகாராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "உனக்கு ஒரு ஜோடி காளை பரிசு! வாய்க்கால் வேலையும் நாளைக்கே ஆரம்பம்!" என்றார்.

சொன்னபடியே மறுநாள் வாய்க்காலுக்கு இன்னொரு பூமி பூஜை நடந்தது.

காளையைக் கட்ட மாசிலாமணியின் மனைவி கொல்லையில் முளை அடித்துவைத்தாள். மழைக்காலங்கள் வந்தன, போயின. முளை துளிர்விட்டு மரமாகிவிட்டது.

"காளை எங்கேங்க?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் மாசிலாமணி சொல்வார்: "ஷர்க்கர் காளைடி. மெதுவாத்தான் வரும்."