ஹவ்வாவுக்கு முன்னால்

“பதினாறே நாள்தான் லீவு, தங்கச்சி. அதுல மூணு போயாச்சு. நான் இங்க என்னதான் செய்ய?”

கேட்டவர் குலசேகரன். பாளையங்கோட்டையிலிருந்து கடல் கடந்து, பாலைவனத்து ஓரம் இருந்த அந்த அகதிகள் முகாமுக்குத் தொண்டு செய்ய வந்திருந்தார். வயது ஐம்பத்தாறு.

தவமலருக்கு முப்பத்தெட்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று நாட்டு முகாம்களில் வளர்ந்தவர். இப்போது இந்த முகாமின் தண்ணீர் அவர் பொறுப்பு. வந்து இறங்கிய அன்றே, வயதைப் பார்க்காமல், இவர்தான் நமக்குக் குரு என்று குலசேகரன் மனசுக்குள் முடிவுகட்டியிருந்தார்.

குரு தேத்தண்ணியை நீட்டினார்.

“குடியுங்கோ அண்ணை.”

“மூணு நாளா இதையேதான் சொல்றீங்க.”

“மூண்டு நாளும் தேத்தண்ணி நல்லாத்தானே இருந்தது?”

“கேலி பண்ணாதீங்க. ஊருக்குப் போனதும், என்ன செஞ்சிட்டு வந்தேன்னு நாலு பேர் கேப்பாங்க.”

“ஓ. அந்த நாலு பேருக்காகவே வந்தனீங்கள்?”

அவர் தேநீரைக் குடித்தார்.

மறுநாள் விடிந்ததும் ஒரு துடைப்பத்தைத் தேடி எடுத்தார். தண்ணீர் லாரி வந்து நிற்கும் மைதானத்தில் ஒரே குப்பை. கற்கள், ஒற்றைச் செருப்பு, தகர மூடி, துணி சுற்றிய செங்கல். அத்தனையையும் வாரிச் சாக்கில் போட்டார். மண் பளிச்சென்று தெரியும்படி கூட்டினார்.

இடுப்பு வலித்தது. மனசு நிறைந்திருந்தது.

பத்து மணிக்கு லாரி வந்தது. கேன்களோடு பெண்கள் வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

தவமலர் சாக்கைத் திறந்து பார்த்தார்.

“அண்ணை, இது குப்பையில்லை. வரிசை.”

ஒவ்வொரு கல்லும் ஒரு குடும்பம். இருட்டு பிரியும்போதே வந்து வைத்துவிட்டுப் போவார்கள், பத்து மணிவரை வெயிலில் நிற்க வேண்டாமே என்று. லாரித் தண்ணீர் எல்லோருக்கும் எட்டாது. வரிசையின் வாலில் இருப்பவர்களுக்கு மறுநாள்தான்.

குலசேகரன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“டோக்கன் எழுதிக் குடுத்துர்றேன். ஒண்ணு, ரெண்டுன்னு...”

“அந்த ஒண்டை ஆரின்ர கையில குடுப்பியள்?”

பேனாவை மூடினார்.

“அடிதடி வந்துருமே, தங்கச்சி. என்னால வந்துருமே.”

தவமலர் கூட்டத்தைப் பார்த்து, அவர்கள் மொழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

“‘உனக்கு முன்னால ஆர்?’ எண்டு கேட்டனான்.”

ஒருத்தி கையை நீட்டி இன்னொருத்தியைக் காட்டினாள். அவள் வேறொருத்தியைக் காட்டினாள். பார்வை மங்கிய ஒரு கிழவி கூட்டத்துக்குள் தடவிக்கொண்டு போய், ஒரு பெண்ணின் தோளைத் தொட்டாள்.

ஒருவரும் தன் இடத்தைச் சொல்லவில்லை. தனக்கு முன்னால் இருப்பவரை மட்டும் சொன்னார்கள்.

ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரம். கூட்டி அழித்த வரிசை, வெறும் மண்ணிலிருந்து எழுந்து நின்றது.

குலசேகரன் துடைப்பத்தைக் கீழே வைத்தார். கோயிலுக்குள் நிற்பதுபோல, அவரை அறியாமல் செருப்பைக் கழற்றியிருந்தார். மண் சுட்டது.

வரிசையின் வால் பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. அதற்குப் பின்னால் ஹவ்வா என்ற பெண், ஒற்றைக் கேனோடு.

“முன்னால போம்மா,” என்று அவர் கையைக் காட்டினார்.

அவள் அசையவில்லை.

“ஏன் நிக்கிறாங்க? இடம் சும்மாதானே கெடக்கு?”

“சும்மா இல்லை அண்ணை. அது மர்யமின்ர இடம். விடிய வந்து கல்லு வைச்சிட்டுப் போனவவாம். இப்ப காய்ச்சல், எழும்பேல்லை.”

“இது எல்லாருக்கும் தெரியுமா?”

“கல்லு கிடந்திருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். இப்ப ஹவ்வாவுக்கு மட்டுந்தான் தெரியும்.”

வரிசை நகர்ந்தது. இடைவெளியும் நகர்ந்தது. ஒரு பெண் நடப்பதுபோல, அதே அகலத்தில், அடி அடியாக.

லாரிக் குழாயில் தண்ணீர் மெலிந்துகொண்டே வந்தது. குலசேகரன் வரிசையை எண்ணினார். மறுபடி எண்ணினார். ஹவ்வாவைப் பார்த்தார். அவளும் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவெளி குழாயடிக்கு வந்து சேர்ந்தது.

ஹவ்வா குனிந்து தன் கேனை வைத்தாள். அது நிறைந்தது. குழாய் காற்றை ஊதியது. அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் வெறும் கேன்களோடு கலைந்தார்கள்.

அவள் கேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தன் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்தாள்.

“அவங்க கூடாரம் இந்தப் பக்கம்ல?”

“ஓம்.”

“அப்ப அங்க யாரு இருக்கா?”

“மர்யம்.”

குலசேகரன் சாக்கைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினார். ஹவ்வாவின் குறுக்கே போய் நின்றார். அவள் மொழியில் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. தமிழிலேயே சொன்னார்.

“மன்னிச்சுக்கோம்மா. கல்லையெல்லாம் நான்தான்...”

ஹவ்வா கேனை இறக்கி வைத்தாள். சாக்குக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒரு கல்லை எடுத்து, ஊதித் துடைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஏதோ சொன்னாள்.

தவமலர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

“என்ன சொல்றாங்க?”

“நாளைக்கு இதைத் தன்ர கல்லுக்குப் பின்னால வைக்கச் சொல்லுறா.”